குளிர்நீர்க் கடற்பாசி எவ்வளவு சூடு தாங்கும்? கணக்கு தவறும் இடங்கள்

கெல்ப் என்பது குளிர்நீரில் வளரும் பெரிய பழுப்புக் கடற்பாசி; அதில் ஓர் இனம் சர்க்கரை கெல்ப். "சர்க்கரை கெல்ப் 20 டிகிரி வரை தாங்கும்" என்ற ஒற்றை எண்ணை நம்பிச் சோதனையையோ வளர்ப்பையோ தொடங்குவதுதான் முதல் தவறு. எந்தக் கரையின் பாசி, எந்தப் பருவம், எத்தனை நாள் என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மெய்ன் கரையிலிருந்து எடுத்த செடிகள் 20 °செல்சியஸில் மூன்று வாரத்துக்குள் மடிந்தன. இனத்தின் தெற்கு எல்லையான நியூயார்க் பகுதிச் செடிகள் அதே சூட்டில் மூன்று வாரத்தையும் தாண்டி நின்றன. இனம் ஒன்றுதான்.

இந்த வேறுபாட்டை உடனே மரபு என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. கடலில் பழகிய சூட்டின் தாக்கம் செடியில் தங்கியிருக்கும். இரு கரைகளின் வித்துகளையும் ஒரே 10–12 டிகிரியில், ஒரே வெளிச்சத்தில் வளர்த்து, அடுத்த தலைமுறையை ஒப்பிடுங்கள். வித்து முளைத்ததும் வருவது கேமீட்டோபைட் என்ற, ஆண் பெண் அணுக்களை உண்டாக்கும் நுண்ணிய இழை. இந்த இழைகளைச் சிவப்பு ஒளியில் வைத்தால் கருவுறாமல் பெருகும். நீல ஒளி பட்டால்தான் இனப்பெருக்கம் தொடங்கும்.

வளர்ந்த செடி பச்சையாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். லாமினேரியா டிஜிட்டேட்டா என்ற இன்னொரு கெல்ப் இனம் 18 டிகிரியில் உயிரோடு இருக்கும், ஆனால் வித்து உண்டாவது வெகுவாகக் குறைந்துவிடும். அதற்கு உகந்தது 5–10 டிகிரி. அடுத்த தலைமுறை இல்லாத கெல்ப் காடு எத்தனை நாள் நிற்கும்?

நீளத்தை அளப்பதிலும் ஏமாறுவோம். கெல்ப் நுனியில் வளர்வதில்லை. தண்டும் இலையும் சேரும் இடத்தில் வளர்கிறது. நுனியோ சூட்டில் அழுகி உதிரும், அதனால் வளரும் செடிகூடக் குறுகியதாகத் தெரியும். இலையின் அடியிலிருந்து 10 செ.மீ. மேலே சிறு துளையிட்டு, அது வாரம் எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். நகர்ந்த தூரம்தான் வளர்ச்சி.

தொட்டியில் சூட்டை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். நாளுக்கு ஒரு டிகிரி போதும். நைட்ரேட் (செடிக்கு நைட்ரஜன் தரும் சத்து) தீர்ந்த பழைய நீரும் முடிவைக் கெடுக்கும்: நைட்ரஜன் இருப்பு குறைந்த செடி சூட்டில் சீக்கிரம் தளரும். பசியா சூடா என்று பிறகு பிரித்தறிய முடியாது. சோதனை முடிந்த கையோடு "பிழைத்தது" என்று எழுதிவிடவும் வேண்டாம். பழைய குளிர்நீருக்குத் திருப்பி இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். வெளுப்பு பெரும்பாலும் அப்போதுதான் தெரியும்.