வாய்க்கால் நீர்மட்டக் கருவி: தூங்கி எழுந்தாலும் மணி பிசகாமல் இருக்க

முறைப்பாசனம் நடக்கும் நாட்களில் கடைமடையில் கேட்கப்படுவது ஒன்றுதான்: தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது? மட்டம் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மணி பிசகினால் பதிவே செல்லாது. மதகடியில் வைக்கும் கருவியோ பேட்டரியை மிச்சம் பிடிக்க 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, அளந்து, மறுபடி தூங்குகிறது. இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் போர்டும் டிஎஸ்3231 கடிகார மாட்யூலும் சேர்ந்த கருவியில் இந்தத் தூக்கத்தைத் தாண்டி நேரத்தைக் காப்பது எப்படி என்று பார்ப்போம்.

இஎஸ்பி32-க்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. அதை நம்ப வேண்டாம். தூக்கத்தில் அது ஓடுவது உள்ளே இருக்கும் ஆர்சி ஆசிலேட்டரில் (படிகம் இல்லாத எளிய துடிப்புச் சுற்று), சூட்டுக்குச் சூடு வேகம் மாறும். ஒரு சதவீதம் பிசகினாலே நாளுக்கு 14 நிமிடம் போய்விடும். வெயிலில் கிடக்கும் மூடிய பெட்டிக்குள் இது சாதாரணம். டிஎஸ்3231 வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குதான் பிழை, அதாவது ஆண்டுக்கு ஒரு நிமிடம் சொச்சம். சிப்பின் மேல் எம் என்று முடியும் வகையில் பிழை 5 பங்கு. வாங்கும்போதே எழுத்தைப் பாருங்கள்.

தேவையானவை: போர்டு 1, மாட்யூல் 1, சிஆர்2032 செல் 1, 10 கிலோஓம் ரெசிஸ்டர் 1. மாட்யூலில் முதலில் இரண்டு வேலை. பவர் எல்இடியைக் கழற்றுங்கள், அது சும்மா மின்சாரம் தின்னும். அடுத்து, செல்லைச் சார்ஜ் செய்ய வைத்திருக்கும் 200 ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள். சிஆர்2032 சார்ஜ் ஏற்றக்கூடாத செல். 5 வோல்ட்டில் ஓட்டினால் செல் உப்பி ஒழுகும். 3.3 வோல்ட்டில் டையோடில் குறையும் வோல்டேஜ் போகச் செல்லில் ஏறுவதற்கு மிச்சமில்லை என்றாலும், நாளை யாராவது 5 வோல்ட்டில் மாட்டலாம். கடிகாரத்தின் அலாரக் காலை இஎஸ்பி32-இன் 33-ஆம் காலில் (ஜிபிஐஓ 33) இணைத்து, 10 கிலோஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள்.

கடிகாரச் சிப்புக்குள் நேரத்தையும் அமைப்பையும் வைத்திருக்கும் சிறு நினைவக அறைகளே ரெஜிஸ்டர்கள். இனி அவற்றின் எண்கள் எல்லாம் தசமத்தில். 14 கட்டுப்பாடு ரெஜிஸ்டர், 15 நிலை ரெஜிஸ்டர்.

தூங்கும் முன் முடிந்திருக்க வேண்டியவை:

1. அடுத்த அலாரத்தைக் கடைசியில் வைக்காமல், எழுந்தவுடனேயே வையுங்கள். அளவெடுத்து, சிக்னல் தேடி, தரவு அனுப்பி முடிப்பதற்குள் அந்த மணி தாண்டிவிட்டால் கருவி ஒரு மணி நேரமோ ஒரு நாளோ எழாது. 5 வினாடிக்குள் வரும் அலாரம் என்றால் அதை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

2. நிலை ரெஜிஸ்டரின் 0-ஆம் பிட், அலாரம் அடித்ததற்கான ஃபிளாக். அதை 0 ஆக்கி அழியுங்கள். அழிக்காவிட்டால் அலாரக் கால் தாழ்ந்தே கிடக்கும்; கருவி தூங்கிய கணமே எழும், மறுபடி தூங்கும், மறுபடி எழும். இரண்டே நாளில் பேட்டரி காலியாகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். தூங்கும் முன் 33-ஆம் கால் உயர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

3. கடைசி நேரம், வரிசை எண், அளவு இடைவெளி, பிழைச் சரிபார்ப்பு எண் ஆகியவற்றை 32 பைட்டுக்குள் அடக்கி, மாட்யூலிலேயே இருக்கும் இஇபிராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) எழுதுங்கள். இரண்டு பக்கங்களில் மாற்றி மாற்றி எழுதினால், எழுதும்போதே கரண்ட் போனாலும் பழையது ஒன்று தப்பும். எழுதியபின் 10 மில்லிவினாடி காத்திருங்கள். இஎஸ்பி32-இன் ஆர்டிசி நினைவகம் தூக்கத்தில் அழியாது, மின்சாரம் போனால் அழிந்துவிடும். அதை மட்டும் நம்பக்கூடாது.

4. காப்புக்கு, உள் டைமரையும் 25 நிமிடத்தில் எழுப்பச் சொல்லி வையுங்கள். அலாரக் கம்பி உப்புக்காற்றில் அரித்துப்போனாலும் கருவி செத்துக் கிடக்காது.

எழுந்தபின் செய்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சேமித்த நேரத்தை எடுத்துக் கடிகாரத்தில் எழுதிவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைத் தூங்கிய நேரம் அத்தனைக்கும் பின்னால் தள்ளும் வேலை அது. சேமித்த நேரத்தால் சோதிக்கலாம், திருத்தக்கூடாது.

முதலில், வேறு எதையும் எழுதும் முன், நிலை ரெஜிஸ்டரின் 7-ஆம் பிட்டைப் படியுங்கள். ஆசிலேட்டர் எப்போதாவது நின்றிருந்தால் அது 1. கடிகாரத்துக்கான சில லைப்ரரிகள் (ஆயத்த நிரல்கள்) தொடங்கும்போதே இதை அழித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். 0 ஆக இருந்து, கடிகார நேரம் சேமித்த நேரத்துக்குப் பின்னதாகவும் இருந்தால் அதை அப்படியே நம்பலாம். ஏழு நேர ரெஜிஸ்டர்களையும் ஒரே மூச்சில் படியுங்கள். தனித்தனியாகப் படித்தால் 10:59-இன் மணியும் 11:00-இன் நிமிடமும் சேர்ந்து 10:00 என்று வரும்.

பிட் 1 என்றால் நேரம் போய்விட்டது. அப்போதும் கடிகாரத்தில் ஊகித்த நேரத்தை எழுதாதீர்கள். அது தன்போக்கில் ஓடட்டும். பதிவுகளில் ‘நம்பகமற்றது’ என்ற குறியை மட்டும் போடுங்கள். பிறகு ஜிபிஎஸ் வழியாகவோ மொபைல் நெட்வொர்க் வழியாகவோ சரியான நேரம் கிடைக்கும்போது, கடிகாரம் காட்டுவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, குறியிட்ட பதிவுகள் எல்லாவற்றிலும் கூட்டிவிடலாம். இடையில் கை வைத்திருந்தால் இந்தக் கணக்கு போகாது. திருத்தம் முடிந்தபின் நேரத்தை எழுதி 7-ஆம் பிட்டை 0 ஆக்குங்கள். ஜிபிஎஸ் தருவது உலகப் பொது நேரம். அதையே சேமித்து, காட்டும்போது மட்டும் 5:30 கூட்டுங்கள்.

கரண்ட் போய் வந்தபின் கடிகாரம் பதிலே சொல்லாமல் இருக்கலாம். காரணம் இது: படிக்கும் நடுவில் இஎஸ்பி32 மட்டும் ரீசெட் ஆகிவிட்டது, செல்லில் ஓடும் கடிகாரமோ பாதி பைட்டோடு தரவுக் கம்பியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தரவுக் கம்பி உயரும் வரை கிளாக் கம்பியில் 9 துடிப்பு வரை அனுப்பிவிட்டு, இந்த இரு கம்பித் தொடர்பான ஐ2சி-யைத் தொடங்குங்கள்.

மேசையில் சரியாக ஓடிய கருவி வயலில் கரண்ட் போகும்போது மட்டும் நேரம் இழக்கிறதா? கட்டுப்பாடு ரெஜிஸ்டரின் 7-ஆம் பிட்டைப் பாருங்கள். அது 1 ஆக இருந்தால் செல்லில் ஓடும்போது ஆசிலேட்டர் நின்றுவிடும். மேசையில் மெயின் மின்சாரம் (செல் தவிர, போர்டுக்கு வரும் மின்சாரம்) இருந்ததால் அது தெரிந்திருக்காது. அதனால் பெட்டியை மூடும் முன் மெயினை 10 நிமிடம் பிடுங்கி வைத்துச் சோதியுங்கள். பிறகு மெயினையும் செல்லையும் சேர்த்துப் பிடுங்கி, ‘நம்பகமற்றது’ குறி விழுகிறதா என்றும் பாருங்கள்.

2018-இல் கஜா புயலுக்குப் பின் டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்லில் ஓடும் கடிகாரத்துக்கு 3 மைக்ரோஆம்பியர்தான் உச்சம், ஆகவே நல்ல செல்லுக்கு அது பெரிய காலமல்ல. செல் தேய்வதைவிட அதன் தொடுமுனை அரிப்பதுதான் வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கவலை. போர்டுக்கு வார்னிஷ் பூசலாம். செல் பிடிப்பானின் தகட்டில் மட்டும் பட விடாதீர்கள். செல்லை மாற்றும்போது மெயின் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேரம் போய்விடும்.