சர்வரின் மெமரி மெல்ல ஏறுகிறதா? ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்

வேலூரில் ஒரு ஸ்கேன் மையத்தின் சேமிப்பு சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று மெஷின்களில் க்ளஸ்டர்எஃப்எஸ் ஓடுகிறது, பல மெஷின்களின் வட்டுகளை ஒரே சேமிப்பிடமாகச் சேர்த்துக் காட்டும் மென்பொருள் அது. ஒரு சிடி ஸ்கேனுக்கு நூற்றுக்கணக்கான படங்கள், ஒவ்வொரு படமும் தனிக் கோப்பு. குடியாத்தம், சித்தூர் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருவதால் விடிந்ததுமே வரிசை தொடங்கிவிடும். திங்கட்கிழமை சாதுவாக இருக்கும் மெமரி சனிக்கிழமைக்குள் கழுத்துவரை வந்துவிடும். "அண்ணே, மறுபடியும் ஏறிடுச்சு" என்று கூட வேலை செய்யும் தம்பி போன் செய்வான். ஞாயிறு இரவு சர்வர்களையும் அவற்றோடு பேசும் மெஷின்களையும் சேர்த்து அணைத்து எழுப்புவோம். ஐந்து மாதம் இப்படியே ஓட்டினோம்.

அதுதான் பெரிய தவறு. ரீஸ்டார்ட் செய்த நொடியில் மெமரியை யார் பிடித்து வைத்திருந்தார்கள் என்ற தடயமும் போய்விடுகிறது. அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து. ரீஸ்டார்ட் செய்தே ஆகவேண்டும் என்றால் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி ஒரு ஸ்டேட்டம்ப் எடுத்துவிடுங்கள், அதாவது ஓடும் ப்ராசஸ் அந்த நொடியில் எதையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறது என்று எழுதித் தரும் கோப்பு.

அதற்கும் முன்னால், எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்று தெரியவேண்டும். டாப் கட்டளையில் விர்ட் (ப்ராசஸ் முன்பதிவு செய்த மொத்த முகவரி இடம்) பெரிதாக இருந்தால் லீக், அதாவது வாங்கிய மெமரியை நிரல் திருப்பித் தராமல் விடுகிறது என்று முடிவு கட்டுவது சகஜம். நிரல்களுக்கு மெமரி பிரித்துக் கொடுக்கும் லினக்ஸின் ஜிலிப்சி நூலகம், 64 பிட் மெஷினில் ஒரு கோருக்கு 8 அரீனா (மெமரித் தொகுப்பு) வரை திறக்கும். ஒவ்வொன்றும் 64 எம்பி முகவரி இடத்தை முன்பதிவு செய்யும். 16 கோர் என்றால் 128 அரீனா, ஆக 8 ஜிபி. இது வெறும் முன்பதிவு. உண்மையில் தின்றது ஆர்எஸ்எஸ்ஸில்தான் (டாப்பில் 'ரெஸ்' பத்தி) தெரியும். அதேபோல ஃப்ரீ கட்டளையில் 'ஃப்ரீ' குறைந்தால் பதற வேண்டாம், 'அவைலபிள்' பாருங்கள். கெர்னல் காலி இடத்தைக் கோப்புக் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும். ட்ராப் கேஷஸ் கட்டளையும் அந்தக் கெர்னல் கேஷைத்தான் காலி செய்யும். ப்ராசஸ் தன் ஹீப்பில், அதாவது ஓடும்போது கேட்டு வாங்கிய மெமரியில், வைத்திருப்பதை அது தொடாது.

அப்புறம், ஒரே நாளின் கோட்டை நம்பாதீர்கள். இரவு பேக்கப் ஓடி எல்லாக் கோப்பையும் தொட்டால் மெமரி படிபோல ஏறி, பிறகு சமதளமாக நிற்கும். அது கேஷ். ஒரு வாரம் பார்த்தும் சமதளமே வராமல் ஏறிக்கொண்டே போனால்தான் சந்தேகிக்க வேண்டும்.

செஃப் என்ற இன்னொரு சேமிப்பு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. அதில் வட்டைக் கவனிக்கும் ப்ராசஸுக்கு ஓஎஸ்டி என்று பெயர், அதன் மெமரி டார்கெட்டின் இயல்பு அளவு 4 ஜிபி. பெயரிலேயே இருக்கிறது, அது இலக்கு, உச்சவரம்பு இல்லை. ரிக்கவரி (பழுதுக்குப் பின் தரவுப் பிரதிகளைச் சரிசெய்வது) நடக்கும்போது அதைத் தாண்டும். கண்டெய்னர் வரம்பையும் அதே 4 ஜிபியில் வைத்தால் மெமரி தீர்ந்ததும் ப்ராசஸைக் கொல்லும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் வந்துதான் தீரும். ஏறினால் முதலில் ஹீப் ஸ்டாட்ஸ் கேளுங்கள். நிரல் பயன்படுத்துவது எவ்வளவு, செஃப்புக்கு மெமரி பிரித்துக் கொடுக்கும் டிசிமல்லாக் நூலகம் விடாமல் வைத்திருப்பது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். இரண்டாவதுதான் பெரிது என்றால் அது லீக் இல்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு ஸ்டேட்டம்ப், இரவு எட்டு மணிக்கு இன்னொன்று எடுத்தோம். ப்ரிக் ப்ராசஸுக்கு (க்ளஸ்டர்எஃப்எஸ்ஸில் ஒரு சேமிப்பு அடைவைக் கவனிப்பது) யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினாலும் டம்ப் கிடைக்கும், ஆனால் பிஐடியை, அதாவது ப்ராசஸின் எண்ணை, இரண்டு முறை சரிபாருங்கள். அந்தச் சிக்னலை எதிர்பார்க்காத ப்ராசஸுக்கு அது போனால் அந்த ப்ராசஸே செத்துவிடும். வால்யூம் ஸ்டேட்டம்ப் கட்டளைதான் பத்திரம்.

இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். ஐநோடு அட்டவணை என்பது ப்ரிக் மெமரியில் வைத்திருக்கும் கோப்புக் குறிப்புகளின் பட்டியல். அதில் எல்ஆர்யூ சைஸ், அதாவது இப்போது யாரும் பயன்படுத்தாமல் கேஷில் மட்டும் இருப்பவை, இரண்டிலும் 16384, அதாவது இயல்பு வரம்பிலேயே அசையாமல் நின்றது. பயன்பாட்டில் இருப்பவற்றைக் காட்டும் ஆக்டிவ் சைஸ் மட்டும் ஏழாயிரத்திலிருந்து முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. யாரோ திறந்து பிடித்துக்கொண்டிருக்கும் கோப்புகள் அவை. பிடித்திருக்கும்வரை எல்ஆர்யூ வரம்பு அவற்றைத் தொடாது. அந்த வரம்பை எவ்வளவு குறைத்தாலும் பயன் இருந்திருக்காது. குறைத்துப் பார்த்துவிட்டு நான் ஒரு மாதம் வீணடித்தேன்.

குற்றவாளி சர்வரிலேயே இல்லை. ஸ்கேன் படங்களை ஏற்றும் நிரல் கோப்பை எழுதிவிட்டு மூடாமல் விட்டிருந்தது. அந்த மெஷின்களில் திறந்த கோப்புகளின் வரம்பை எப்போதோ யாரோ லட்சக்கணக்கில் உயர்த்தி வைத்திருந்தார்கள். 'டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்' பிழை வந்திருக்கும், எண்ணை ஏற்றி வாயடைத்திருப்பார்கள். அந்தப் பிழையை அன்றே மதித்திருந்தால் எங்களுக்கு இத்தனை ஞாயிறுகள் போயிருக்காது. சர்வரில் மெமரி ஏறினால் க்ளையண்ட் மெஷினில் கோப்புகளை ஏற்றும் ப்ராசஸின் எஃப்டி எண்ணிக்கையையும், அதாவது அது திறந்து வைத்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கையையும், பாருங்கள். லினக்ஸ் ஒவ்வொரு ப்ராசஸின் விவரத்தையும் காட்டும் ப்ராக் அடைவில் எண்ணிவிடலாம், ஒரு நிமிட வேலை.

நிரலில் ஒரு க்ளோஸ் சேர்த்தார்கள். அடுத்த புதன் இரவு எடுத்த டம்பில் ஆக்டிவ் சைஸ் சில நூறுதான் இருந்தது. டம்ப் கோப்புகளை நேரத்தோடும் வெர்ஷனோடும் இன்னும் வைத்திருக்கிறோம்.