நிலக்கடலை விதைக்கு உயிர் உர நேர்த்தி

விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் மணிலா (நிலக்கடலை) போடுபவர்கள் விதைநேர்த்தியைத் தவறவிடக் கூடாது. எக்டேருக்கான 125 கிலோ விதைப்பருப்புக்கு வேர்முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிரான ரைசோபியம் 600 கிராம், மண்ணின் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிரான பாஸ்போபாக்டீரியா 600 கிராம் போதும். நிலக்கடலைக்கான ரைசோபியம்தானா, காலாவதி தேதி என்ன என்று பொட்டலத்தில் பாருங்கள்.

அரிசிக் கஞ்சியை நன்றாக ஆறவிட்டு, அதில் இந்த உயிர் உரங்களையும் விதைப்பருப்பையும் கலக்குங்கள். சூடு இருந்தால் நுண்ணுயிர் செத்துவிடும். பருப்பின் தோல் உரியாமல் மெதுவாகப் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே விதையுங்கள். பூஞ்சணக்கொல்லி நேர்த்தி செய்வதானால் அது முதல் நாளே முடியட்டும். உயிர் உரம் 24 மணி நேரம் கழித்துத்தான்.

நேர்த்தி தவறினால், எக்டேருக்கு இரண்டு உயிர் உரத்திலும் தலா 2 கிலோவை 25 கிலோ தொழுவுரம், 25 கிலோ மணலுடன் கலந்து விதைப்புக்கு முன் தூவலாம்.

முப்பதாம் நாள் ஒரு செடியைத் தோண்டி, வேர்முடிச்சை நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் தழைச்சத்து சேர்கிறது. யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் முடிச்சு குறையும்.