பல் இம்பிளாண்ட் வைத்த பிறகு வீட்டில் என்ன செய்ய வேண்டும்? முதல் மணி நேரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை

இம்பிளாண்ட் என்பது போன பல்லின் இடத்தில், வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் வைக்கும் டைட்டானியம் உலோகத் திருகு. அதை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று நாள் பயந்து பயந்து இருப்பார்கள். வலி அடங்கியதும், ஒரு வாரத்திலேயே பழையபடி மெல்லத் தொடங்கிவிடுவார்கள். எனக்குக் கவலையெல்லாம் அந்த ஒரு வாரத்துக்குப் பிறகுதான். ஈறு சீக்கிரம் மூடிவிடும். உள்ளே எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்காகும். அதனால் இந்த விளக்கத்தை மூன்றாவது வாரத்தையும் மனதில் வைத்துப் படியுங்கள். உங்கள் டாக்டர் சீட்டில் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருந்தால் அதன்படியே செய்யுங்கள். உங்கள் எலும்பை நேரில் பார்த்தவர் அவர்தான்.

படி 1: முந்தின நாளே தயாராகுங்கள்

மாத்திரைகள், காஸ் துணி, மிக மென்மையான பிரஷ், ஃப்ரீசரில் ஐஸ் கட்டி, தலைக்கு இன்னொரு தலையணை. இவை போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். தாமாகவே நிறுத்தக் கூடாது.

படி 2: வீட்டுக்கு வந்த முதல் சில மணி நேரம்

கிளினிக்கில் வைத்த காஸை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். பிறகு எச்சிலில் இளஞ்சிவப்பு கலந்து வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். கொஞ்சம் ரத்தம் எச்சிலோடு கலந்தாலே நிறையப் போவதுபோலத் தெரியும். நிற்காமல் கசிந்தால், புதுக் காஸை நனைத்துப் பிழிந்து மறுபடி அரை மணி நேரம் கடியுங்கள்.

முதல் 24 மணி நேரம் துப்பவும் கூடாது, கொப்பளிக்கவும் கூடாது. எச்சிலை மெதுவாக விழுங்கிவிடுங்கள். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவதும் கூடாது. இவை மூன்றுமே காயத்தை மூடியிருக்கும் ரத்தக்கட்டியைக் கிளப்பிவிடும்.

ஐஸை ஒரு பையில் போட்டு, துண்டில் சுற்றி, கன்னத்தின் வெளிப்பக்கம் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். அதே அளவு நேரம் இடைவெளி விட்டு மறுபடி வையுங்கள். இரவு தலையை உயர்த்திப் படுங்கள்.

வலி மாத்திரையை மரப்பு விலகும் முன்பே போட்டுவிடுவது நல்லது. வலி ஏறிய பிறகு அடக்குவது சிரமம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை முடியுங்கள்.

படி 3: சாப்பாடு

மரப்பு முழுதும் விலகும் வரை எதையும் மெல்ல வேண்டாம். உதட்டையோ நாக்கையோ கடித்துக்கொண்டாலும் தெரியாது. அன்றைக்கு எல்லாமே ஆறினதாக இருக்கட்டும். காபி குடிக்காமல் இருக்க முடியாதவர்கள், மரப்பு விலகியபின் ஆற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்த பிறகு குடிக்கலாம்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் இதற்கு ஏற்றவை நிறையவே உண்டு: கேழ்வரகுக் கூழ், குழைய வடித்த மோர் சாதம், பருப்புக் கடைசல், பாலில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம், அரை வேக்காட்டு முட்டை. இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். ஒன்றை மட்டும் பலர் கவனிப்பதில்லை: தாளிப்பு. கடுகும் சீரகமும் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எடுப்பது பெரும்பாடு. தையல் பிரிக்கும் வரை தாளிக்காமல் சாப்பிடுங்கள், ரசத்தை வடிகட்டிக் குடியுங்கள். தக்காளி விதை, கொய்யா விதை, எள் ஆகியவையும் அப்படித்தான்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க: சாப்பிடாமல் வழக்கமான மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சர்க்கரை திடீரென இறங்கும். கூழாகவாவது வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு, புகையிலை எதுவும் வேண்டவே வேண்டாம். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்தம் போகாத இடத்தில் எலும்பு வளராது. இதில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது.

படி 4: இரண்டாம் நாள் முதல் சுத்தம்

மற்ற பற்களை வழக்கம்போலத் துலக்குங்கள். காயத்துப் பக்கம் பிரஷ் போகக் கூடாது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, வாயில் வைத்துத் தலையை இருபுறமும் சாய்த்து, வாயைத் திறந்து தானாக விழ விடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் செய்யலாம். குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் கொடுத்திருந்தால், பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பேஸ்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் குறைக்கும். பல்லில் பழுப்புக் கறை படிந்தால் பயமில்லை, பிறகு சுத்தம் செய்துவிடலாம்.

வீட்டுப் பெரியவர்கள் கிராம்பு எண்ணெய் தடவச் சொல்வார்கள், மஞ்சள் வைக்கச் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் திறந்த காயத்தில் கிராம்பு எண்ணெய் எரிச்சலையும் புண்ணையும் உண்டாக்கும். மஞ்சள் தூள் தையலில் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் கொப்பளிப்பதையும் தள்ளிப் போடுங்கள்.

படி 5: மூன்றாம் நாள் வீக்கம்

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். முதல் நாளைவிட முகம் பெரிதாகத் தெரிவது இயல்பு. அதன் பிறகு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். கன்னத்தில் நீலமோ மஞ்சளோ படர்ந்து கழுத்துவரை இறங்கலாம், முதியவர்களுக்கு இன்னும் அதிகமாக. அது தானாக மறையும். ஜிம், பாரம் தூக்குவது இரண்டும் சில நாள் வேண்டாம். கரையாத தையலாக இருந்தால் 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள்.

மேல் தாடையில் சைனஸ் லிஃப்ட் (மூக்கை ஒட்டிய காற்றறையின் அடித்தளத்தை உயர்த்தி எலும்பு சேர்ப்பது) செய்திருந்தால் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கபாலபாதி போன்ற மூச்சுப் பயிற்சிகளை டாக்டர் சொல்லும்வரை நிறுத்துங்கள்.

படி 6: வலி போன பிறகு

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952-ல் முயல் எலும்பில் கண்டார். 1965-ல் முதல் நோயாளிக்கு இம்பிளாண்ட் வைத்தார். கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் அதன்மேல் பாரம் விழாமல் காத்திருப்பது அவர் வகுத்த முறை. இன்று சிலருக்குக் காலம் குறைந்திருக்கிறது, எலும்பு வேலை செய்யும் விதம் அதேதான்.

வைத்த அன்று இம்பிளாண்ட் இறுக்கமாகவே இருக்கும். அது வெறும் திருகின் இறுக்கம். அடுத்த வாரங்களில், திருகு நெருக்கிய பழைய எலும்பை உடல் மெல்லக் கரைத்துவிட்டுப் புது எலும்பைக் கட்டுகிறது. பழையது போய்ப் புதியது முழுதாக வராத இடைவெளி, ஏறக்குறைய இரண்டாவது வாரம் முதல் நான்காவது வாரம்வரை. பிடிமானம் மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான். அந்தச் சமயத்தில் வலியே இருக்காது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு மேல் இம்பிளாண்ட் திரும்பத் திரும்ப அசைந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசு சுற்றிக்கொள்ளும். இம்பிளாண்ட் ஒட்டாமலே போய்விடும்.

எனவே முறுக்கு, தட்டை, கரும்பு, எலும்புக் கறி எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். ஈறுக்கு வெளியே உலோக மூடி தெரிந்தால் நாக்கால் தள்ளிப் பார்க்கும் ஆசை வரும், கட்டுப்படுத்துங்கள். பழைய பல் செட்டை டாக்டர் சரிசெய்து தராமல் அதன்மேல் போடாதீர்கள். மூடி கழன்றால் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு கிளினிக்குக்குச் சொல்லுங்கள். நீங்களே திருகப் பார்க்க வேண்டாம்.

எப்போது உடனே அழைக்க வேண்டும்?

காஸ் கடித்தும் நிற்காத ரத்தம், மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடிக்கொண்டே போகும் வீக்கம் அல்லது வலி, சீழ், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல், இம்பிளாண்ட் ஆடுவது: அன்றே டாக்டரிடம் போங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்று, அமைதியாக வருவதால் தவறவிடப்படுவது. கீழ்த்தாடையில் இம்பிளாண்ட் வைத்து, மறுநாள் காலையிலும் கீழ் உதடும் தாடை நுனியும் மரத்தே இருந்தால், இம்பிளாண்ட் நரம்பை அழுத்துகிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். அப்படியானால் முதல் ஓரிரு நாளுக்குள் அதை எடுத்துவிட்டால் உணர்ச்சி திரும்ப வாய்ப்பு அதிகம். தையல் பிரிக்கப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்று காலையே போன் செய்யுங்கள்.