கோர்ன் சிரப்பா கரும்புச் சீனியா: கொழும்பில இருந்து லேபலையும் மானியக் கதையையும் வாசிக்கிற விதம்

கோர்ன் சிரப் எண்ட சோளப்பாகு விஷம், கரும்புச் சீனி இயற்கை எண்டு ஒரு வீடியோ இப்ப எல்லா வீட்டு வட்ஸ்அப் குரூப்பிலயும் சுத்துது. 2025 ஜூலைல ட்ரம்ப், அமெரிக்கால விக்கிற கோலாக்கு அந்தப் பாகுக்குப் பதிலா கரும்புச் சீனி போட கொகா கோலா சம்மதிச்சிட்டுது எண்டு சொன்னதுக்குப் பிறகு இன்னும் கூடிட்டு. கொம்பனி என்னவோ இருக்கிற கோலாவ மாத்தேல்ல, கரும்புச் சீனி போட்ட இன்னொரு கோலாவையும் பக்கத்தில இறக்கிறம் எண்டு தான் அறிவிச்சது, அந்தப் பகுதிய மட்டும் ஒருத்தரும் ஃபோர்வர்ட் பண்ண மாட்டினம். சரி, இதெல்லாம் கேட்டுட்டு வெள்ளவத்தைல ஃபூட் சிற்றில சாமான் வாங்கிற ஆள் என்ன செய்யிறது, எதப் பாக்கிறது, எத விடுறது எண்டு தான் இத எழுதுறன். இது டொக்டர்மாரின்ட ஆலோசனை இல்ல, கடைல நிண்டு போத்தலத் திருப்பிப் பாக்கிற ஆக்களுக்கு மட்டும்.

முதல்ல ரெண்டு சாமானப் பிரிச்சு வைங்கோ. கேக் ரெசிப்பில வாற கோர்ன் சிரப் வேற, சோடால வாற ஹை ஃபிரக்டோஸ் கோர்ன் சிரப் வேற. சோளத்தில இருந்து மாச்சத்த எடுத்து நொதியம் போட்டு உடைச்சா குளுக்கோஸ் பாகு வரும், அது சாதாரண கோர்ன் சிரப். அந்தப் பாகில இன்னொரு நொதியத்தப் போட்டு குளுக்கோஸ்ல ஒரு பங்க ஃபிரக்டோஸா மாத்தினா தான் மற்றது, அதுக்கு குளுக்கோஸவிட இனிப்பு கூட. இந்த ரெண்டாவது சாமான் 1960கள்ல ஜப்பான்லயும் அமெரிக்காலயும் நடந்த வேலைல இருந்து வந்தது. பாண், பிஸ்கட், சோஸ் வகைக்குப் போறதில ஃபிரக்டோஸ் 42 வீதம் மட்டில, சோடாக்குப் போறதில 55 வீதம் மட்டில இருக்கும்.

கரும்புச் சீனில எவ்வளவு எண்டு கேட்டா, பாதி குளுக்கோஸ் பாதி ஃபிரக்டோஸ், ரெண்டும் சோடியா ஒட்டிக்கொண்டு இருக்கும், அவ்வளவு தான் வித்தியாசம். அந்த ஒட்டும் குடலுக்க போனதும் உடைஞ்சிடும். அதுக்கும் மேல, கோலா மாதிரி புளிப்பான சோடாக்குள்ள போட்ட கரும்புச் சீனி கொஞ்சங் கொஞ்சமா போத்தலுக்குள்ளயே உடையத் தொடங்கிடும், மாசக்கணக்கா கடைல கிடந்த போத்தல்ல இருக்கிற "இயற்கைச் சீனி" கிட்டத்தட்ட அந்தச் சிரப் மாதிரித் தான் இருக்கும். ஆகவே 55க்கும் 50க்கும் நடுவில உயிர் போற சண்டை ஒண்டும் இல்ல. இன்னொண்டு, அமெரிக்கால ஆள் ஒருத்தர் சாப்பிடுற இந்தச் சிரப்பின்ட அளவு 1999 மட்டில உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கிட்டுது, ஆனா அந்த நாட்டுக்காரற்ற உடம்பு அதோட சேந்து இறங்கேல்ல. சிரப் நல்லது எண்டு சொல்ல வரேல்ல, ரெண்டையும் ஒரே தட்டில வைங்கோ எண்டு தான் சொல்றன்.

இப்ப லேபல். எங்கட ஊர்ல போத்தல்ல அடைக்கிற சோடால பெரும்பாலும் சீனி எண்டு தான் போட்டிருக்கும். இந்தச் சிரப்ப நீங்க காணப்போறது வெளில இருந்து வாற சாமான்ல, அமெரிக்க பார்பிகியூ சோஸ், பான்கேக்குக்கு ஊத்துற பாகு, சீரியல், சொக்லட் சிரப், கனடால இருந்து அக்கா அனுப்பின பெட்டிக்குள்ள இருக்கிறது எல்லாம். இறக்குமதிக்காரர் ஒட்டுற வெள்ள ஸ்டிக்கர் சில நேரம் சரியா அந்தச் சேர்மானப் பட்டியலுக்கு மேல தான் ஒட்டியிருக்கும், வேணுமெண்டு ஒட்டினமோ இல்லையோ தெரியாது, நகத்தால மெதுவா ஒரு ஓரத்த இழுத்துப் பாருங்கோ, கடைப் பொடியன் பாக்காத நேரமாப் பாத்து. கனடாச் சாமான்ல குளுக்கோஸ்-ஃபிரக்டோஸ் எண்டு இருக்கும், ஐரோப்பாச் சாமான்ல குளுக்கோஸ்-ஃபிரக்டோஸ் சிரப் எண்டோ ஃபிரக்டோஸ்-குளுக்கோஸ் சிரப் எண்டோ இருக்கும், எது கூடவோ அது முன்னுக்கு வரும், ஐரோப்பாவில அது கோதுமைல இருந்தும் வந்திருக்கலாம். அமெரிக்கச் சாமான்ல முழுப்பேரும் இருக்கும், ஏனெண்டா அத கோர்ன் சுகர் எண்டு மாத்தித் தாங்கோ எண்டு சோள ஆலைக்காரர் கேட்டு, அங்கத்த உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எஃப்டிஏ 2012ல மாட்டன் எண்டு சொல்லிட்டுது.

பட்டியல்ல எது முன்னுக்கு இருக்கோ அது தான் நிறை கூட. இதில ஒரு தில்லுமுல்லு இருக்கு கவனியுங்கோ, சீனி ஒண்டையே போட்டா அது முதலாவதா வந்திடும் எண்டு, கொஞ்சம் சீனி, கொஞ்சம் குளுக்கோஸ் சிரப், கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸ், கொஞ்சம் பழச்சாறுச் செறிவு எண்டு பிரிச்சுப் போட்டா ஒவ்வொண்டும் நாலாவது அஞ்சாவது இடத்துக்குப் போயிடும், முதலாவதா ஓட்ஸ் நிக்கும், பெட்டிக்கு முன்னுக்கு கோதுமைக் கதிர் படம். எல்லாத்தையும் மனசால கூட்டிப் பாருங்கோ, இல்லாட்டி நேர கீழ போய் 100 கிராமுக்கு மொத்தச் சீனி எவ்வளவு எண்டு பாருங்கோ. எனக்கு அந்த ஒரு இலக்கம் போதும், எந்தப் பயிர்ல இருந்து வந்த சீனி எண்டு அதுக்குப் பிறகு நான் பாக்கிறதே இல்ல.

சோடாக்கு எங்கட நாட்டில 2016 ஓகஸ்ட்ல இருந்து கலர் அடையாளம் இருக்கு, 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு, 2ல இருந்து 11 வரைக்கும் மஞ்சள், 2க்குக் கீழ பச்சை. நல்ல விசயம் தான், ஆனா மஞ்சளக் கண்டுட்டு நிம்மதியாப் போகாதேங்கோ. 100 மில்லிக்கு 10.6 கிராம் இருக்கிற சோடாக்கும் மஞ்சள் தான், அதில 330 மில்லி ரின் ஒண்ட முடிச்சா 35 கிராம் உள்ள போகும், தேக்கரண்டிக்கு 4 கிராம் எண்டு வைச்சா ஒன்பது கரண்டிக்குக் கிட்ட. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னதின்படி ஒரு ஆளுக்கு நாளுக்கு 25 கிராமுக்குக் கீழ இருந்தா நல்லம். காலைல ரெண்டு கரண்டி போட்டு குடிச்ச தேத்தண்ணியும் அந்தக் கணக்குக்க தான் வரும். சீனி வருத்தம் உள்ள மாமிக்கு "இது கரும்புச் சீனி போட்டது, குடிக்கலாம்" எண்டு நீட்டுற மருமக்கள் இருக்கினம், அவையளுக்கு இந்தக் கணக்கக் காட்டுங்கோ.

அப்ப ஏன் அமெரிக்காவில இவ்வளவு சத்தம்? அது உடம்புக் கதை இல்ல, காசுக் கதை. இதப் பிரிச்சு விளங்கிறதுக்கு நான் எந்த மானியக் கதையிலயும் மூண்டே மூண்டு தான் கேக்கிறது: காசு ஆற்ற பொக்கட்ல இருந்து போகுது, ஆற்ற பொக்கட்டுக்குப் போகுது, கடைல விலை மாறினதா.

சோளத்துக்குப் போட்டுப் பாப்பம். 1973ல, ஏர்ல் பட்ஸ் அமெரிக்க விவசாயச் செயலாளரா இருந்த காலத்தில, சட்டம் மாறி விலை இறங்கினா விவசாயிக்கு அரசாங்கம் மிச்சத்தக் குடுக்கிற முறை வந்தது, அதோட வேலிக்கு வேலி விதையுங்கோ எண்ட பேச்சும். பிறகு வந்த, விலை எப்பிடி இருந்தாலும் குடுக்கிற நேரடிக் கொடுப்பனவு 2014 சட்டத்தோட நிண்டிட்டு, இப்ப அதுக்குப் பதிலா விலையோ வருமானமோ விழுந்தா குடுக்கிற காசும், பயிர்க் காப்புறுதிக் கட்டணத்தில பாதிக்கு மேல அரசாங்கம் கட்டுறதும் தான். அதோட 2005லயும் 2007லயும் பெற்றோலுக்கு எதனோல் எண்ட மதுசாரம் கலக்கோணும் எண்டு சட்டம் வந்ததில, அங்கத்த சோளத்தில மூண்டில ஒரு பங்குக்கு மேல எதனோல் ஆலைக்குப் போகுது. போனா சோளத்தின்ட விலை ஏறும் தானே, அப்ப மானியத்தால சோளம் மலிவு எண்ட கதையும் முழுசாச் சரியில்ல. காசு வரி கட்டுறவன்ட பொக்கட்ல இருந்து சோள விவசாயின்ட பொக்கட்டுக்குப் போகுது. சோடா போத்தல்ட விலைல சிரப்பின்ட பங்கு சில சதம் தான், அதனால கடைல நீங்க பெரிசா ஒண்டும் காண மாட்டியள்.

கரும்புக்காரர் பாவம், அவைக்கு ஒண்டும் இல்ல எண்டு நினைக்காதேங்கோ, அங்க தான் பெரிய பகிடி. சீனிக்காரருக்கு அரசாங்கம் செக் எழுதுறது குறைவு, அதுக்குப் பதிலா உலகச் சந்தைச் சீனிய உள்ள விடாமல் கதவ அடைச்சு வைச்சிருக்கு. 1981 சட்டத்தில விலைத்தாங்கல், அதாவது சீனி விலைய ஒரு மட்டத்துக்குக் கீழ விழ விடாமல் தாங்கிப் பிடிக்கிற முறை வந்தது, 1982ல நாட்டுக்கு நாடு இறக்குமதிக் கோட்டா வந்தது, ஆலைகளுக்குச் சீனிய அடகு வைச்சு கடன் எடுக்கலாம், விலை விழுந்தா சீனியக் குடுத்திட்டு கடனக் கட்டாமல் போகலாம். அதால அங்கத்த சீனி விலை கனகாலமா உலக விலையவிட நல்லாக் கூட. இந்தக் காச வரி கட்டுறவன் இல்ல, கடைல இனிப்பு வாங்கிறவன் கட்டுறான், போறது ஃபுளோரிடா லூசியானா கரும்புக்கும் வடக்குப் பக்கத்து பீட்கிழங்குக்கும், அங்கத்த சீனில பாதிக்கு மேல பீட்கிழங்குச் சீனி தான், கரும்பே இல்ல.

இதில இருந்து தான் சிரப் வளந்தது. சீனிய விலையேத்தி வைச்சதால சோளப்பாகு மலிவாத் தெரிஞ்சுது, 1984 முடியேக்க கொகா கோலாவும் பெப்சியும் அமெரிக்கால முழுசா அதுக்கு மாறிட்டினம். ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் மாதிரி சோளப்பாகு காய்ச்சிற கொம்பனி சீனிப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஆதரவா நிண்டது ஏன் எண்டு இப்ப விளங்கும். மிட்டாய்க்காரர் மூட்டையக் கட்டினம், மிச்சிகன்ல இருந்த லைஃப் சேவர்ஸ் ஆலை 2000கள்ட தொடக்கத்தில கனடாவுக்குப் போயிட்டுது. மெக்சிகோ தன்ட கரும்புக்காரரக் காப்பாத்த 2002ல சிரப் போட்ட சோடாக்கு 20 வீதம் வரி போட, அமெரிக்கா உலக வர்த்தக நிறுவனத்துக்குப் போய் 2006ல வெண்டது. தன்ட கதவ அடைச்சு வைச்சுக்கொண்டு மற்றவன்ட கதவத் திறக்கச் சொல்றது எண்டா இது தான்.

சரி, எங்களுக்கு? அதே மூண்டு கேள்வியையும் புறக்கோட்டைக்குக் கொண்டு வாங்கோ. நாங்க சாப்பிடுற சீனில பெரும்பங்கு கப்பல்ல வாறது, பெல்வத்த, செவனகல, ஹிங்குரான, எதிமலை ஆலைகள் தாறது மிச்சம் கொஞ்சம் தான். 2020 ஒக்டோபர்ல சீனிக்கு இருந்த கிலோவுக்கு 50 ரூபா விசேட வரிய ஒரே நாள்ல 25 சதமாக் குறைச்சினம், அரசாங்கத்துக்கு 15.9 பில்லியன் ரூபா நட்டம் எண்டு பிறகு நிதியமைச்சுக் கணக்கே சொல்லிச்சு, ஆனா எங்கட வீட்டு பில்லில அந்த 50 ரூபா இறங்கினத நான் காணேல்ல. கேள்வி ஒண்டுக்குப் பதில் திறைசேரி, ரெண்டுக்குப் பதில நீங்களே சொல்லுங்கோ, மூண்டுக்குப் பதில் "மாறேல்ல". 2023 நவம்பர்ல திரும்ப 50 ரூபா ஆக்கினம், அது மட்டும் அடுத்த நாளே கடைல தெரிஞ்சுது.

விலை ஏன் ஆடுது எண்டு பாக்கோணும் எண்டா வாஷிங்டனப் பாத்துக் கொண்டு இருக்கிறதில பிரயோசனம் குறைவு, டெல்லியையும் பிரேசிலையும் பாருங்கோ. இந்தியா தன்ட விவசாயிக்குக் கரும்புக்கு அடிப்படை விலை கட்டி வைச்சிருக்கு, பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா மூண்டும் அதுக்கு எதிரா உலக வர்த்தக நிறுவனத்தில வழக்குப் போட்டு 2021 டிசம்பர்ல இந்தியாக்கு எதிராத் தீர்ப்பும் வந்தது. நாட்டுக்குள்ள சீனி தட்டுப்பாடு வரும் எண்டு பயந்தா அதே இந்தியா ஏற்றுமதிய நிப்பாட்டும், 2022ல இருந்து அப்பிடித் தான் கட்டுப்பாடு போட்டது. பிரேசில் ஆலைக்காரர் எண்ணெய் விலை ஏறினா கரும்ப எதனோலாக்குவினம், இறங்கினா சீனியாக்குவினம். ஆகவே மத்திய கிழக்கில சண்டை எண்டு கேட்டா கிலோ ரெண்டு கூட வாங்கி வைக்கிற எங்கட ஆச்சிமார் பிழையில்ல.

கடைசியா சமையல் வேலை, இத நிறையப் பேர் கேக்கினம். அமெரிக்க ரெசிப்பில கோர்ன் சிரப் எண்டு வந்தா பதறி ஒன்லைன்ல கொள்ள விலைக்கு வாங்காதேங்கோ, கேக் சாமான் விக்கிற கடைல லிக்விட் குளுக்கோஸ் எண்டு டப்பால இருக்கும், ஃபொண்டன்ட் செய்யிற ஆக்கள் எல்லாரும் அதத் தான் வாங்கிறவை, வேலை ஒண்டு தான். அதுவும் இல்லாட்டி ஒரு கப் சிரப்புக்கு ஒண்டேகால் கப் சீனியும் கால் கப் தண்ணியும் எண்டு போட்டு, ரெண்டு மூண்டு துளி தேசிக்காய்ப் புளி விட்டு மெல்லிய நெருப்பில காய்ச்சுங்கோ, புளி சீனிய உடைச்சு விடும், பாகு பூக்காது, அதாவது சீனி திரும்ப மணிமணியா உறையாது. பனங்கட்டிப் பாகோ கித்துள் பாணியோ ஊத்தியும் பாக்கலாம், முந்திரிப்பருப்பு பைக்கு (pie) கித்துள் பாணி தான் என்ட விருப்பம், நிறம் மட்டும் கருக்கும். ஆனா மில்க் டொபி கிண்டேக்க மட்டும் குளுக்கோஸப் போட்டுடாதேங்கோ, குளுக்கோஸ் சீனியப் பூக்க விடாது, எங்கட மில்க் டொபிக்கு அந்தப் பூத்த நறநறப்பு தான் வேணும்.