லினக்ஸா விண்டோஸா? உங்க லேப்டாப்லயே வெச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க

விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு, அதுலேர்ந்து கோத்தகிரி குன்னூர் பக்கம் நெறைய பேர் கேக்கறது இந்தப் பழைய லேப்டாப்ப என்ன பண்றதுன்னுதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (மெஷினுக்குள்ள இருக்கற ஒரு பாதுகாப்பு வசதி) வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும், அது இல்லாத மெஷின் இங்க எத்தனையோ வீட்ல நல்லாவே ஓடிட்டிருக்கு. புதுசு வாங்கறதுக்கு முன்னாடி லினக்ஸ (விண்டோஸ் மாதிரியே மெஷின ஓட்டற ஒரு இலவச சிஸ்டம்) ஒரு தடவ பாத்துடுங்க. ஆனா யாரோ போட்ட வீடியோவ நம்பி முடிவு பண்ணாதீங்க, உங்க மெஷின்ல உங்க ஃபைல வெச்சு நீங்களே பாக்கணும், அதுக்கு விண்டோஸ அழிக்கவே தேவையில்ல.

8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு எடுத்துக்கோங்க, அதுல இருக்கறது எல்லாம் அழிஞ்சுடும், முன்னாடியே காப்பி எடுத்து வெச்சுடுங்க. லினக்ஸ்ல பல வகை உண்டு, அதுல லினக்ஸ் மின்ட்ங்கறதோட சினமன் எடிஷன எறக்குங்க, விண்டோஸ்ல பழகின கைக்கு அதுதான் லேசு. ஐஎஸ்ஓ ஃபைல் (மொத்த சிஸ்டமும் அடங்கின ஒரே ஃபைல்) கிட்டத்தட்ட 3 ஜிபி, மொபைல் ஹாட்ஸ்பாட்ல போட்டா அன்னிக்கு டேட்டா காலி, அதனால கீழ மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் போறப்போ நல்ல வைஃபை உள்ள எடத்துல எறக்கிக்கோங்க. ரூஃபஸ்ங்கற விண்டோஸ் புரோகிராம் வெச்சு அத பென்டிரைவ்ல எழுதி, மெஷின ஆன் பண்றப்போ எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்னு கேக்கற பூட் மெனு கீய தட்டி பென்டிரைவ தேர்ந்தெடுங்க (டெல், லெனோவோல பெரும்பாலும் எஃப்12, ஹெச்பில எஃப்9). மின்ட் டெஸ்க்டாப் வந்துடும். அதுல இன்ஸ்டால்னு ஒரு ஐகான் இருக்கும், அத மட்டும் தொடாதீங்க. பென்டிரைவ்லேர்ந்து ஓடறதால கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும், வேகத்த இத வெச்சு எடை போட வேணாம்.

மொதல்ல வைஃபை, சவுண்டு, வெப்கேம், பிரிண்டர், மூடித் தொறந்தா ஸ்க்ரீன் வருதான்னு பாருங்க. பிரிண்டர கண்டிப்பா பாத்துடுங்க, சில பழைய லேசர் மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் பெரிய தலைவலி.

இப்போ டெஸ்க்டாப். ரெண்டுலயும் விண்டோஸ் கீயும் அம்புக்குறியும் சேத்து அமுக்கினா விண்டோ பாதி ஸ்க்ரீன்ல ஒட்டிக்கும். இதுல விண்டோஸ் 11 ஒரு படி மேல, விண்டோஸ் கீயோட இசட் தட்டினா மூணு நாலு கட்டமா பிரிச்சுக் குடுக்கும். விண்டோஸ் கீ + வி தட்டினா முன்னாடி காப்பி பண்ணதெல்லாம் லிஸ்டா வர்றதும் மின்ட்ல தானா கெடையாது, காப்பிகியூ மாதிரி ஒரு புரோகிராம் போட்டுக்கணும். ஆனா மின்ட்ல ஃபைல் மேனேஜர தொறந்து எஃப்3 அமுக்கிப் பாருங்க, ஒரே விண்டோ ரெண்டாப் பிரிஞ்சு இந்தப் பக்கம் மெமரி கார்டு அந்தப் பக்கம் உங்க ஃபோல்டர்னு நிக்கும், ஹோம்ஸ்டே வெச்சிருக்கறவங்க கல்யாண ஃபோட்டோ எடுக்கறவங்களுக்கெல்லாம் இது எவ்ளோ பெரிய உபகாரம்னு ஒரு நாள் பண்ணிப் பாத்தா தெரியும். எக்ஸ்ப்ளோரர்ல டேப் வந்துச்சே தவிர இது வரல.

அப்புறம் உங்க எக்ஸல் ஃபைல். பச்சைத் தேயிலை கணக்கு, தேதி, கிலோ, ஃபேக்டரி ரேட்டுனு போட்டு வெச்சிருப்பீங்கல்ல, அத லிப்ரே ஆபீஸ்ல (மின்ட்டோடயே வர்ற ஆபீஸ் புரோகிராம்) தொறந்து மாசக் கூட்டல் சரியா வருதான்னு பாருங்க. சாதாரண ஃபார்முலா எல்லாம் வந்துடும், மேக்ரோ (ஃபைலுக்குள்ள தானா ஓடற சின்ன புரோகிராம்) இருந்தா மக்கர் பண்ணும். விண்டோஸோட லதா ஃபான்ட்ல அடிச்சது வேற ஃபான்ட்ல தெரியும், வரி கொஞ்சம் எறங்கும், பரவால்ல. பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச ஃபைல்தான் புரியாத எழுத்தா வரும், அந்த ஃபான்ட் ஃபைல டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் பண்ணா சரியாயிடும்.

தமிழ் டைப்பிங்ல அவசரப்பட்டு லினக்ஸ ஒதுக்கிடாதீங்க. விண்டோஸ்ல 2019 அப்டேட்லேர்ந்து தமிழ் ஃபோனடிக் (இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா வர்றது) கூடவே வருது. மின்ட்ல கீபோர்டு செட்டிங்ஸ்ல தமிழ்நெட் 99 இருக்கு, ஆனா அதுல மெய்யெழுத்துப் புள்ளி தானா விழாது. ஐபஸ்-எம்17என்னு ஒரு டைப்பிங் பேக்கேஜ் போடுங்க, தமிழ்99, ஃபோனடிக், டைப்ரைட்டர் மூணும் வந்துடும், புள்ளியும் ஒழுங்கா விழும்.

நம்ம மலைக்கு எனக்கு முக்கியமாப் படறது அப்டேட்தான். விண்டோஸ்ல வைஃபைய மீட்டர்டுன்னு (டேட்டா அளவானதுன்னு) குறிச்சு வெச்சா டேட்டா ஓரளவு மிஞ்சும். மின்ட்ல நீங்க சரின்னு சொன்னாத்தான் எறங்கும், எத்தனை எம்பின்னு முன்னாடியே காட்டும். ஆனி ஆடி மழைல கூடலூர் பந்தலூர் பக்கம் கரண்ட் எப்போ போகும்னு தெரியாது, பேட்டரி செத்த லேப்டாப்னா அந்த நேரத்துல எந்த அப்டேட்டும் போடாதீங்க, போடறதா இருந்தா மின்ட்ல இருக்கற டைம்ஷிஃப்ட்ல ஒரு ஸ்னாப்ஷாட் (கெட்டுப்போனா பழைய நிலைக்குத் திரும்ப சிஸ்டத்தோட காப்பி) எடுத்துட்டுப் போடுங்க.

டேலி, கோரல்டிரா, ஃபோட்டோஷாப் இதெல்லாம்தான் உங்க பொழப்புன்னா விண்டோஸ விடாதீங்க, இதுல நான் தயங்காம சொல்வேன். பிரவுசர், ஆபீஸ் வேலை, பசங்க படிப்பு அவ்ளோதான்னா மின்ட் தாராளமாப் போதும்.

ரெண்டும் வேணும்னா சேத்தே போடலாம். அதுக்கு முன்னாடி ஃபைல் எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல காப்பி எடுங்க, பிட்லாக்கர் (டிஸ்க்கப் பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா ரிகவரி கீய பேப்பர்ல எழுதி வைங்க, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா மின்ட்லேர்ந்து சி டிரைவ்ல எதையும் எழுத விடாது. விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சி-ய சுருக்கி ஒரு 50 ஜிபியாவது காலியா விட்டுட்டு, அப்புறம் அந்த இன்ஸ்டால் ஐகான தொடுங்க.