ஜோடியாக முதல் ஜப்பான் பயணம்: ஊர் சுற்றவும் ருசிக்கவும் திட்டம் போடுவது எப்படி?

முதல் முறை ஜப்பான் போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுத்தான் தொடங்குகிறார்கள். பட்டியல் நீண்டுகொண்டே போகும், நாள் போதாது, போன இடத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். நான் சொல்லும் முறை வேறு: ஒரு நாளைக்கு ஒரு ஏரியா, அந்த ஏரியாவில் ஒரு நல்ல சாப்பாடு. இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்தால் கோயிலும் கோபுரமும் கடைத்தெருவும் நடுவில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் படி: எப்போது போவது

செர்ரிப் பூவுக்கு மார்ச் கடைசியும் ஏப்ரல் முதல் வாரமும். கியோட்டோவில் இலைகள் சிவக்கும் காலம் நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் ஆரம்பம் வரை. இரண்டுமே அழகு, இரண்டிலுமே அறை வாடகை எகிறும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை நீளும் ‘கோல்டன் வீக்’ விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். ஜப்பானே ரயிலில் இருக்கும் நேரம் அது. ஜூனில் மழை, ஆகஸ்டில் புழுக்கம். முதல் பயணத்துக்கு என் தேர்வு மே மாதப் பின்பாதி, இல்லையென்றால் நவம்பர் முதல் பாதி.

இரண்டாம் படி: ஊர்களைக் குறையுங்கள்

பத்து நாள் கிடைத்தால் டோக்கியோவில் நான்கு இரவு, கியோட்டோவில் மூன்று, ஒசாகாவில் இரண்டு. நாரா, கியோட்டோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான், அரை நாளில் போய் வரலாம். ஹிரோஷிமாவை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட்டை டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து கிளம்பும்படி போடுங்கள். போன வழியே திரும்பி வரும் செலவும் ஒரு நாளும் மிச்சம்.

மூன்றாம் படி: விசா

சிங்கப்பூர் கடவுச்சீட்டுக்கும், சிப் உள்ள மலேசியக் கடவுச்சீட்டுக்கும் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்கு வேண்டும். விண்ணப்பத்தோடு எந்த நாள் எந்த ஊர், எங்கே தங்குகிறீர்கள் என்று நாள்வாரியான திட்டமும் கேட்பார்கள். அதனால் இரண்டாம் படியை முடித்துவிட்டே இதற்கு வாருங்கள். இ-விசா கிடைத்தால், விமான நிலையத்தில் அதை இணையத்தில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டும் அச்செடுத்த தாளும் செல்லாது. போனில் இணையம் வேலை செய்யும்படி ஏற்பாடு செய்துகொண்டு இறங்குங்கள்.

நான்காம் படி: அறை

‘செமி-டபுள்’ என்று போட்டிருந்தால் கட்டில் பெரும்பாலும் 120 செ.மீ. அகலம்தான் இருக்கும். இரண்டு பேருக்கு நெருக்கடி. 140 செ.மீ.க்குக் குறையாத டபுளையோ, இரண்டு கட்டில் உள்ள ட்வினையோ தேடுங்கள். முன்பதிவில் இரண்டு பேர் என்று கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள், ஏனென்றால் அங்கே பல இடங்களில் ஆள் கணக்கில்தான் வாடகை. ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம் என்பது அறையின் அழகைவிட முக்கியம்.

ஓர் இரவாவது ரியோக்கான் என்னும் பாரம்பரிய விடுதியில் தங்கப் பாருங்கள். பொதுக் குளியல் ஆண், பெண் தனித்தனி. சேர்ந்து குளிக்க நினைத்தால் ‘கஷிகிரி’ என்ற தனிக் குளியல் வசதி உள்ள விடுதியாகத் தேட வேண்டும்.

ஐந்தாம் படி: ரயில்

ஜப்பான் ரயில் பாஸ், அதாவது குறிப்பிட்ட நாள்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ரயிலில் போக வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கிடைக்கும் சீட்டு, வாங்கியே ஆக வேண்டும் என்று பழைய பதிவுகள் சொல்லும். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒரு வழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென். இந்தப் பயணத்துக்குப் பாஸ் கட்டுப்படியாகாது, தனி டிக்கெட்டே போதும்.

அந்த டிக்கெட்டை எடுக்கும்போது சாதாரணப் பெட்டியில் டி, ஈ இருக்கைகளைக் கேளுங்கள். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்று இருக்கைகள் இருக்கும், டி-யும் ஈ-யும் அந்த இரட்டை இருக்கை. ஃபூஜி மலை தெரிவதும் அந்தப் பக்கம்தான். டோக்கியோவிலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரத்தில், மேகம் இல்லாவிட்டால், வலது ஜன்னலில் மலை முழுசாக நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போகும் பயணப் பெட்டிக்கு அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதைவிட, பயணப் பெட்டியை ஓட்டல் வரவேற்பிலேயே கொடுத்துக் கூரியரில் அனுப்பிவிடலாம், பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஓட்டலுக்கு வந்துவிடும். கையில் ஒரு சின்னப் பையோடு ரயில் ஏறுவது தனிச் சுகம்.

நகருக்குள் சுற்ற சுய்கா, இக்கோகா மாதிரி பணம் ஏற்றி நிலைய வாயிலில் தட்டும் அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே அட்டையை இருவர் பயன்படுத்த முடியாது. காலை நெரிசல் நேரத்தில் பெண்களுக்கு மட்டுமான பெட்டிகள் உண்டு. நடைமேடையில் இளஞ்சிவப்பு அடையாளம் இருந்தால் இருவரும் பக்கத்துப் பெட்டிக்கு நகர்ந்துவிடுங்கள்.

ஆறாம் படி: நாள் திட்டம்

ஆளுக்கு ஒரு தாள் எடுத்து, ஒவ்வோர் ஊரிலும் விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்றை மட்டும் எழுதுங்கள். அந்த இரண்டும் கட்டாயம். மற்றவை எல்லாம் கால் வலித்தால் விட்டுவிடலாம். ஒருவருக்குக் கோயில் பிடிக்கும், மற்றவருக்கு அகிஹபாராவின் பொம்மைக் கடைகள் பிடிக்கும் என்றால் மூன்று மணி நேரம் பிரிந்து போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்தில் சந்திக்கலாம். அதில் ஒரு தவறும் இல்லை.

டோக்கியோவில் ஒரு நாள் இப்படி: விடிந்ததும் அசாகுசாவில் சென்சோஜி கோயில். கடைகள் திறக்கும் முன் முற்றம் விசாலமாக இருக்கும். பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் கப்பாபாஷி, சமையல் சாமான் தெரு. கத்திகள், கிண்ணங்கள், உணவகக் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கும் போலி உணவுகள்: நூடுல்ஸை அள்ளிய கவ்வுகுச்சி அந்தரத்தில் நிற்கும், முட்டையின் மஞ்சள் கரு பளபளக்கும், தொட்டால்தான் பிளாஸ்டிக் என்று தெரியும். மாலையில் உயேனோவின் அமெயோகோ சந்தை. எல்லாம் நடை தூரம்.

கியோட்டோவில்: காலை ஆறரைக்கு ஃபுஷிமி இனாரி மலைக்கோயில். கட்டணம் இல்லை, மூடுவதும் இல்லை. கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா வழித்தடத்தில் இரண்டாவது நிறுத்தம், ஆனால் எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும் ரயிலில்தான் ஏற வேண்டும், விரைவு ரயில் நிற்காமல் போய்விடும். ஒன்பது மணிக்குள் மலையிலிருந்து இறங்கிவிட்டால் கூட்டம் மேலே ஏறும்போது நீங்கள் கியோமிசுதேரா கோயிலுக்குக் கிளம்பியிருப்பீர்கள். அங்கிருந்து சன்னென்சாகா படிகள் வழியாகக் கியோன் என்ற பழைய தெருப்பகுதி வரை நடக்கலாம். கியோனில் தனியார் சந்துகளுக்குள் போகாதீர்கள், அபராத அறிவிப்புப் பலகைகள் உண்டு. அங்கே வாழ்கிறவர்களுக்கு அது வீட்டு வாசல்.

நாராவில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தரைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 752-இல் அந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி.

ஏழாம் படி: சாப்பாடு

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

பெரிய உணவகங்களில் மதியச் சாப்பாடு இரவைவிட மிகவும் மலிவு. விலை உயர்ந்த இடம் ஒன்றை ஆசைப்பட்டால் மதியத்துக்குப் பதிவு செய்யுங்கள். ஜப்பானியர்கள் பார்க்கும் ‘தாபெலோக்’ தளத்தில் மதிப்பெண் கறாராக இருக்கும், 3.5 வாங்கிய கடை என்றால் நல்ல கடை. நம் ஊர் பழக்கத்தில் அதைத் தள்ளிவிடாதீர்கள்.

பல ராமென் நூடுல்ஸ் கடைகளில் வாசலிலேயே டிக்கெட் இயந்திரம் இருக்கும். முதலில் நோட்டை உள்ளே விடுங்கள், பொத்தான்கள் எரியும். எதுவும் புரியாவிட்டால் மேல் இடது மூலைப் பொத்தானை அழுத்துங்கள், பெரும்பாலும் கடையின் முக்கிய அயிட்டம் அதுதான். சீட்டை எடுத்து மேசையில் வைத்தால் போதும். டிப்ஸ் கிடையாது. இசகாயா என்னும் மதுக்கடை உணவகங்களில் நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் கொறிக்க ஏதாவது வரும், ஆளுக்குச் சில நூறு யென் பில்லில் ஏறும். அது வழக்கம், ஏமாற்று அல்ல.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காய்கறி மட்டும் போட்ட சூப்பிலும் டாஷி என்ற அடிச்சாறு இருக்கும். சூரை மீனைப் புகையூட்டிக் காயவைத்துச் சீவியதையும் கடற்பாசியையும் சேர்த்து எடுப்பது அது. மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்கு வாசம் உடனே பிடிபடும். அதனால் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது, ‘டாஷியும் வேண்டாம்’ என்று ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள். கியோட்டோவில் ஷோஜின் ரியோரி என்ற கோயில் உணவு முழுச் சைவம். மாட்டிறைச்சி, பன்றி தவிர்ப்பவர்கள் ‘கியூ’ மாடு, ‘புத்தா’ பன்றி, ‘தோரி’ கோழி என்று மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஒசாகாவுக்கு வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். தோத்தோன்போரியில் குழிக்கல்லில் சுடும் தாக்கோயாக்கி, உள்ளே ஆக்டோபஸ் துண்டு. வெளியே ஆறினாலும் நடுவில் கொதித்துக்கொண்டிருக்கும், பாதியாக உடைத்து ஊதித் தின்னுங்கள். ஷின்செகாயில் குச்சியில் கோத்துப் பொரித்த குஷிகாட்சு. பொதுச் சாஸ் டப்பா உள்ள கடையில் ஒரு முறைதான் முக்கலாம், கடித்ததை மறுபடி முக்கக் கூடாது.

களைத்துப்போன இரவுக்கு ஒரு வழி: பெரிய பல்பொருள் அங்காடிகளின் அடித்தளத்தில் உள்ள உணவுக் கூடம். மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போனால் சுஷியிலும் பொரித்த அயிட்டங்களிலும் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். ஆளுக்குப் பிடித்ததை வாங்கி அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடலாம்.

எட்டாம் படி: பணமும் கடைசி நாளும்

சின்னக் கடைகளுக்கு ரொக்கம் வேண்டும். செவன் இலெவன் கடைகளில் இருக்கும் ஏ.டி.எம்.கள் வெளிநாட்டு அட்டையை ஏற்கும். சார்ஜருக்கு இரண்டு தட்டைக் கம்பி அடாப்டர் எடுத்துப் போங்கள், அங்கே மின்சாரம் 100 வோல்ட்.

அப்புறம், ஒசாகாவிலிருந்து விமான நிலையத்துக்கு ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) விரைவு ரயிலில் போகிறீர்கள் என்றால் பெட்டி எண்ணைப் பாருங்கள். ஹினெனோ நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரியும்: 1 முதல் 4 வரையான பெட்டிகள் விமான நிலையத்துக்கு, 5 முதல் 8 வரையானவை வகாயாமா பக்கம். ஏறும்போது முன்பக்கப் பெட்டியிலேயே ஏறிவிடுங்கள்.